ஃபேன் காயில் கம்பியும் ஃபெசன்ட் வால் இறகும்

அப்பா மதுரையிலிருந்து அனுப்பிய பார்சலில் சுண்டவத்தல் இருந்தது, பருப்புப்பொடி இருந்தது, மகளுக்குப் பாவாடைத் துணி இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், தினசரித் தாளில் நாலு சுற்றுச் சுற்றி, கட்டைவிரல் பருமனில் ஒரு உருளை. பிரித்தால் செம்புக் கம்பி. மேலே பேனாவால் ‘40 கேஜ்’ என்று எழுதியிருந்தார்.

அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. மிக்ஸி, கிரைண்டர், தண்ணி மோட்டார், சீலிங் ஃபேன் என்று அந்தத் தெருவில் எது எரிந்து நின்றாலும் அவரிடம்தான் வரும். பள்ளி விட்டு வந்தால் நான் கடையில்தான் உட்கார்ந்திருப்பேன். எனாமல் பூசிய செம்புக் கம்பியின் நிறமும், வார்னிஷ் வாசனையும், சுற்று எண்ணிக்கொண்டே அவர் உதடு அசைவதும் எனக்கு அப்போதிலிருந்தே பழக்கம். அந்தக் கம்பியால் இப்போது இங்கிலாந்தில் ட்ரவுட் மீனைத் தூண்டிலில் பிடிக்கச் செயற்கைப் பூச்சி கட்டுகிறேன்.

முதல்முறை ஃபோனில் கம்பி கேட்டபோது அப்பாவுக்குப் புரியவில்லை.

“ஏம்மா, மீனு கம்பியவா திங்கும்?”

“தின்னாதுப்பா. பூச்சின்னு நெனச்சு வாயில எடுக்கும். அதுக்குள்ள நாம இழுத்துடணும்.”

“அப்ப அந்தப் பூச்சி கெட்டியா இருக்கணும்ல?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

நாங்கள் இருப்பது வில்ட்ஷரில், சாலிஸ்பரிக்குப் பக்கம். ஏவன், நாடர், வைலி, போர்ன், எபிள் என்று ஐந்து ஆறுகள் இந்த ஊரையொட்டி ஒன்று சேர்கின்றன. இவற்றில் நாடரைத் தவிர மற்றவை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வருபவை. மழைத் தண்ணீர் நேராக ஆற்றுக்கு ஓடாமல் பாறைக்குள் இறங்கி, நிதானமாக வடிந்து, ஊற்றாக வெளியே வரும். அதனால் கோடையிலும் தண்ணீர் குளிர்ந்திருக்கும், குளிர்காலத்திலும் உறையாது. கண்ணாடி மாதிரித் தெளிவு. பாலத்தில் நின்று பார்த்தால் அடியில் பாசிக்கொடி ஆடுவதும், அதன் நிழலில் ஒரு ட்ரவுட் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பதும் தெரியும். முதல் வருடம் வேலைக்கு நடந்து போகும்போது தினமும் அந்தப் பாலத்தில் நின்றுவிடுவேன். நேரம் போவதே தெரியாது.

நம்மூரிலும் ட்ரவுட் உண்டு. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அவலாஞ்சியில் 1907இல் அதற்கென்றே பொரிப்பகம் தொடங்கினார்கள். ஆனால் அங்கே நிலைத்தது அமெரிக்காவைச் சேர்ந்த ரெயின்போ ட்ரவுட். இங்கே ஆற்றிலேயே பிறந்து வளர்வது பழுப்பு ட்ரவுட், உடம்பெல்லாம் கருப்பும் சிவப்புமாகப் பொட்டு வைத்தது.

நான் கட்டும் பூச்சிக்குப் பெயர் நிம்ஃப். அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மேஃபிளை என்ற பூச்சியினம் இருக்கிறது. நம்மூர் ஈசல் மாதிரி மாலை நேரத்தில் கூட்டமாகக் கிளம்பி ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும், ஆனால் ஈசலுக்கும் இதற்கும் உறவில்லை. இறக்கையோடு அது வாழ்வது அவ்வளவுதான். அதற்கு முந்தைய வாழ்க்கை முழுவதும், மாதக்கணக்கில், தண்ணீருக்கு அடியில். அந்தப் பருவத்துக்குப் பெயர் நிம்ஃப். ட்ரவுட் தன் சாப்பாட்டில் பெரும்பங்கைத் தண்ணீருக்கு அடியிலேயேதான் தேடிக்கொள்கிறது. மேலே மிதக்கும் பூச்சியை அது வாய்திறந்து உறிஞ்சும்போது வட்டமாக அலை எழுவதால் நம் கண்ணுக்கு அது மட்டும் தெரிகிறது.

ஆனாலும் இந்த ஊரில் மேலே மிதக்கும் செயற்கைப் பூச்சியைப் போட்டுப் பிடிப்பதுதான் முறை, அடியில் போடுவது முறையல்ல என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. ஃபிரடெரிக் ஹால்ஃபோர்ட் மிதக்கும் பூச்சியின் பக்கம். ஸ்கூஸ் என்ற லண்டன் வக்கீல் நிம்ஃபின் பக்கம். ஹால்ஃபோர்ட் 1914இல் இறந்து வெகுகாலம் ஆன பிறகும், 1938இல் லண்டனில் ஃபிளைஃபிஷர்ஸ் கிளப்பில் கூட்டம் போட்டு இதை விவாதித்தார்கள். இன்றைக்கும் சில ஆற்றுப் பகுதிகளில் ஜூலைக்கு முன் நிம்ஃப் போடக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தூண்டில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஆனால் முதல் சீசனில் பூச்சிகளைக் கடையில்தான் வாங்கினேன். ஒரு டஜன், பார்க்க அத்தனை அழகு. மயிலிறகு இழையில் பளபளக்கும் மார்பு, இரண்டு பக்கமும் கால்கள், தங்க நிற மணி. இரண்டாவது மீனுக்கு வால் போனது. மூன்றாவது மீனின் வாயிலிருந்து கழற்றியபோது உடம்பு முழுவதும் நூலோடு உருவிக்கொண்டு வந்து, முள் மட்டும் மொட்டையாகக் கையில் நின்றது. ட்ரவுட்டின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். தாடையில் மட்டுமல்ல, மேலண்ணத்திலும் நாக்கிலும்கூட அதற்குப் பல் உண்டு. சின்னச் சின்ன ஊசிகள். இறகு இழை என்பது ஏற்கெனவே காய்ந்த, முறியக்கூடிய பொருள். அதை வெளியே தெரியும்படி சுற்றிவைத்து, நுனியை நூலால் மட்டும் கட்டியிருந்தால், ஒரு இழை அறுந்தால் போதும், மீதி எல்லாம் தானாகப் பிரிந்துவிடும்.

அப்புறம் நானே கட்ட ஆரம்பித்தேன், நூலை வைத்து. அவிழக் கூடாதே என்ற பயத்தில் தலைப்பக்கம் சூப்பர் குளூவை அள்ளிப் பூசினேன். ஆற்றங்கரையில் போய் நின்று தங்கூஸ் நரம்பைக் கோக்கப் பார்த்தால், முள்ளின் காது முழுக்கப் பசை. ஆறு பூச்சி, ஆறும் அடைத்திருந்தது. பெரியவர் அவர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். பழுப்பாக, குச்சி மாதிரி, காலும் இல்லை மணியும் இல்லை. “இதில் நூல் ஒரு இழைகூடக் கிடையாது, பசையும் கிடையாது” என்றார். உற்றுப் பார்த்தேன். இறகு இழைகளுக்கு நடுவே செம்பு மின்னியது. அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும்! அப்பா கடையின் நிறம் அது.

அதுதான் ஃபிராங்க் சாயரின் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப். ஃபெசன்ட் என்பது நீண்ட வாலுள்ள, கோழி இனத்துக் காட்டுப் பறவை.

சாயர் (1906–1980) படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. சாலிஸ்பரிக்கு வடக்கே நெதர்ஏவன் என்ற கிராமத்தில், ராணுவ அதிகாரிகளின் மீன்பிடிச் சங்கத்துக்கு ஆற்றுக் காவலராக 1928இல் சேர்ந்து அரை நூற்றாண்டு அந்த ஏவன் கரையிலேயே வாழ்ந்தார். பாசி வெட்டுவது, சேறு எடுப்பது, மீன் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வது, இதுதான் வேலை. கடைசியில் உயிர் பிரிந்ததும் அந்த ஆற்றங்கரையிலேயே. தினமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் மற்றவர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்தார். இங்கே அதிகம் இருக்கும் ஆலிவ் வகை மேஃபிளையின் நிம்ஃப் நீந்தும்போது கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்கிறது. ஆகவே கட்டும் பூச்சிக்குக் கால் தேவையே இல்லை. தேவை, உடம்பின் வடிவமும் சட்டென்று மூழ்கும் கனமும்தான்.

கனத்துக்காகச் செம்புக் கம்பியைச் சுற்றலாம் என்பது பலருக்கும் தோன்றியிருக்கும். நூலையே தூக்கிப் போட்டுவிட்டு, கட்டுவதையும் அதே கம்பியால் செய்யலாம் என்று நினைத்ததுதான் சாயரின் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். கனமும் அதுவே, கட்டும் அதுவே, இழைகளுக்கு நடுவே தெரியும் சிவப்பு நிறமும் அதுவே. அந்தக் கம்பியைக்கூட அவர் எடுத்தது சின்ன மின்சாதனங்களின் சுருளிலிருந்து. இதைப் படித்த அன்றைக்கே அப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

கட்டும் விதத்தைச் சொல்கிறேன். எழுதினால் நீளமாகத் தெரியும், கை பழகிவிட்டால் ஐந்து நிமிடம்.

முள் 14 அல்லது 16ஆம் எண். எண் கூடக்கூட முள் சிறிதாகும். 16 என்றால் உடம்பு ஒரு சீரகத்தைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். முள் நுனிக்குக் கீழே, மீன் கழன்றுவிடாமல் பிடிக்க எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எதிர்முள்ளை முதலிலேயே குறடால் அமுக்கி மழுக்கிவிடுங்கள். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுவதுதான் எங்கள் பகுதியில் வழக்கம், அதற்கு இது வேண்டும். அமுக்கும்போது சில முள் முறியும். கட்டுவதற்கு முன்னாடியே முறிந்தால் நல்லதுதானே.

முள்ளை வைஸில் கவ்வவைத்து, காதுக்குச் சற்றுப் பின்னாலிருந்து வளைவுவரை கம்பியை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போங்கள். சுற்றுக்குப் பக்கத்தில் சுற்று, மேலே ஏறக் கூடாது. திரும்பி வந்து, முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் மட்டும் இன்னும் இரண்டு மூன்று அடுக்குப் போட்டு ஒரு மேடு உண்டாக்க வேண்டும். அதுதான் மார்பு. பிறகு கம்பியை வளைவுக்குக் கொண்டுபோய் அங்கே தொங்கவிடுங்கள்.

முதலில் எனக்கு இந்த இடத்தில்தான் கம்பி அறுந்துகொண்டே இருந்தது. 40 கேஜ் கம்பி கிட்டத்தட்ட 0.12 மில்லிமீட்டர், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். வீடியோ காலில் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். “இழுக்காதம்மா. கம்பிய இழுக்கக் கூடாது, கூட்டிட்டுப் போகணும்” என்றார். உருளையை உள்ளங்கையில் வைத்து, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே கம்பி தானாக வழுகி வரும்படி விட்டேன். விரல் பிரேக், கை வண்டி. அதிலிருந்து அறுவது நின்றது. கம்பி சுருண்டு ஒரு சிறு கண்ணி விழுந்துவிட்டால் மட்டும் அதை இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். அந்த இடம் செத்த இடம். வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

இனி இறகு. ஃபெசன்ட் சேவலின் வால் நடு இறகு, பழுப்பில் கருப்புப் பட்டை போட்டது, முழங்கைக்கு மேல் நீளம் வரும். இங்கே அக்டோபர் முதல் பிப்ரவரி 1 வரை வேட்டைக் காலம். வேட்டைக்குப் போகிறவர்களிடம் கேட்டால் வாலைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், அவர்களுக்கு வேண்டியது கறி. ஓர இறகுகளில் இழை குட்டை. மார்பை மடிக்கும்போது போதாமல் போய்விடும். ஜன்னலோரம் ஜாடியில் அலங்காரமாக நின்ற இறகும் வேண்டாம். வெயிலில் காய்ந்து, தொட்டாலே பொடியும்.

நான்கு இழை. நுனிகள் நான்கும் ஒரே கோட்டில் நிற்கும்படி தண்டுக்குச் செங்குத்தாக இழுத்துப் பிடித்து, அடியில் வெட்டி எடுங்கள். நுனியை ஒருநாளும் வெட்டக் கூடாது. இயற்கையாகக் கூர்ந்து முடியும் அந்த நுனிதான் வால். வளைவுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துக் கம்பியால் இரண்டு மூன்று சுற்று. இழைகளை லேசாக ஈரப்படுத்திக்கொண்டால் முறியாது.

அடுத்ததுதான் உயிரான இடம். நூலால் கட்டுகிறவர்கள் இறகு இழையை முதலில் சுற்றிவிட்டு, அதன்மேல் கம்பியை எதிர்த்திசையில் இடைவெளி விட்டுச் சுற்றுவார்கள். அதுவும் ஓரளவு தாங்கும். சாயர் அப்படிச் செய்யவில்லை. நான்கு இழைகளையும் தொங்கும் கம்பியையும் சேர்த்துப் பிடித்து முறுக்கினார், கயிறு திரிப்பதுபோல. அந்தப் புரியை அப்படியே முள்ளின்மேல் காதுவரை சுற்றிக்கொண்டு போனார். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் இழையோடு கம்பி இருக்கிறது. மீனின் பல் பட்டு ஒரு இழை அறுந்தாலும் அறுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பி அதைக் கவ்வியிருப்பதால் பிரிந்து போக வழியில்லை. கயிற்றில் ஒரு நார் அறுந்தால் கயிறு அறுகிறதா? அதே கணக்கு. முறுக்கு ரொம்பவும் இறுகக் கூடாது, இறுகினால் இழை முறியும். தளர்ந்தால் கம்பியும் இழையும் தனித்தனியாக வழுகும். அந்த நடு அளவைக் கைதான் கற்றுக்கொள்ளும், எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

காதுக்குப் பக்கத்தில் வந்ததும் இழைகளையும் கம்பியையும் பிரித்துவிட்டு, கம்பியை மட்டும் மார்பு மேட்டின் பின்பக்கம் கொண்டுபோய், இழைகளை மேட்டின்மேல் பின்னால் மடித்து இரண்டு சுற்று. மறுபடி கம்பி முன்னால், இழைகள் முன்னால், இரண்டு சுற்று. நீளம் மிச்சமிருந்தால் இன்னொரு முறை. முதிர்ந்த நிம்ஃபின் முதுகில், வரப்போகும் இறக்கை மடிந்திருக்கும் இடம் கருத்துப் புடைத்திருக்கும். இந்த மடிப்பு அதுதான். மிச்ச இழையை வெட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் கம்பியிலேயே அரை முடிச்சு மூன்று. கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். கம்பியை முடிச்சோடு ஒட்டிப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் அந்த இடத்திலேயே அறும், குத்தும் நுனி மிஞ்சாது. காயில் கடையில் மெல்லிய கம்பியை அப்பா எப்போதும் அப்படித்தான் அறுப்பார்.

நெதர்ஏவனில் சாயருக்கு அண்டை வீட்டுக்காரர்போல இருந்தவர் ஆலிவர் கைட், பின்னாளில் தொலைக்காட்சியில் பிரபலமானவர். இதை இன்னும் ஒரு படி சுருக்கிவிட்டார். இறகே வேண்டாம் என்று, வெறும் முள்ளில் செம்புக் கம்பியை மார்பு மேடாக மட்டும் சுற்றி மீன் பிடித்துக் காட்டினார். நானும் செய்து பார்த்தேன், மீன் எடுத்தது. ஆனால் எனக்கு இறகு வேண்டும். தண்ணீரில் நனைந்த ஃபெசன்ட் இழைக்கு ஒரு மென்மை இருக்கிறது. சுற்றிலும் மயிர் மாதிரி நுண்ணிய இழைகள் அசையும். அதை விட எனக்கு மனசில்லை.

குளிர்காலத்தில் கிரேலிங் மீனுக்குச் சாயரின் இன்னொன்றைக் கட்டுவேன், கில்லர் பக். இதில் இறகும் இல்லை. கம்பிமேல் கம்பளி நூலை மூன்று அடுக்குச் சுற்றிக் கம்பியால் முடிப்பது, அவ்வளவே. அதற்கு அவர் பயன்படுத்தியது சாட்விக்ஸ் 477 என்ற, சாக்ஸ் தைக்கும் கம்பளி நூல். எப்போதோ தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்; பழைய அட்டை ஒன்று கிடைத்தால் ஆட்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள். எனக்கு அந்த ஆசை வரவில்லை. இளஞ்சிவப்பு கலந்த சாம்பல் நிறத்தில் எந்தக் கம்பளியும் நனைந்தால் அதே இறால் நிறத்துக்கு வருகிறது.

பூச்சி நீடிப்பது கட்டுவதில் பாதி, வைத்துக்கொள்வதில் பாதி. ஈரத்தோடு பெட்டியை மூடினால் செம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் முள் துருப்பிடிக்கும். ஒன்று துருப்பிடித்தால் பக்கத்தில் இருப்பதும் போகும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து இரவு முழுக்கச் சமையலறை மேடையில் வைத்துவிடுவேன்.

போன செப்டம்பரில் ஒரு மாலை. பாலத்துக்கு மேற்பக்கம், ஆல்டர் மரத்தடியில், ஒரு மீன் பாசிக்கு முன்னால் இடவலமாக நகர்ந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தது. வாய் திறக்கும்போது உள்ளே வெள்ளையாக ஒரு கீற்றுத் தெரியும், அதை வைத்துத்தான் சாப்பிடுகிறது என்று கண்டுகொள்வது. இரண்டு வருடத்துக்கு முன் கட்டிய பூச்சி நரம்பில் இருந்தது. மீனுக்கு இரண்டு கெஜம் முன்னால் போட்டேன். மூழ்கி வந்து மீனின் மூக்குக்கு எட்டும் நேரத்தில் தூண்டில் நுனியை ஒரு சாண் உயர்த்தினேன். அடியிலிருந்து நிம்ஃப் மேலே கிளம்புவதுபோல அது எழும். தப்பிப் போகிறதே என்று மீன் பாயும். சாயர் பெயர் பெற்றதே இந்த உத்தியில்தான். வெள்ளைக் கீற்று தெரிந்தது. தண்ணீரில் நரம்பு ஒரு விரல்கடை உள்ளே இழுபட்டது. தூக்கினேன்.

மீனை விட்டபின் பூச்சியைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இழை முழுவதும் தேய்ந்து போய்க் கம்பி வரிசை வரிசையாகத் தெரிந்தது. வாலில் நான்குக்கு ஒன்றுதான் மிச்சம். உடம்பு ஒரு சுற்றுக்கூட நகரவில்லை. உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், எத்தனை மீன் பிடித்தது என்றும் எழுதி.

அங்கே நடுராத்திரி. ஆனாலும் உடனே கூப்பிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

“கெட்டியாத்தாம்மா இருக்கு. ஆனா காதுக்குப் பக்கத்துல பாரு, மூணாவது சுத்து ரெண்டாவது மேல ஏறியிருக்கு.”

ஏறித்தான் இருந்தது.